எல்லை தாண்டினால் பிழை மாறுமா?

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்தது. கேரளம் 2020 ஜனவரி 1 முதல். இடைப்பட்ட ஓராண்டில், இரு மாநில எல்லையிலுள்ள களியக்காவிளைச் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம் குற்றமான பை, அந்தப் பக்கம் குற்றமில்லை. பை மட்டும் மாறவில்லை; இரு பக்கமும் அது மட்காது. சட்டத்துக்கு எல்லை உண்டு, அறத்துக்கு இல்லை. மீன் வாங்குகிறவர் மீனோடு அதைச் சுமக்கும் பைக்கும் பொறுப்பாளி என்றே சொல்வேன். கடவம் என்னும் பனையோலைக் கூடை நைந்துபோனால் தென்னை மூட்டில் எருவாகும். பிளாஸ்டிக் பையோ வீடு சேரும்வரை நமக்கு உதவிவிட்டு, இனிப் பிறப்பவர்களின் மண்ணில் கிடக்கும். சுகம் நமக்கு, சுமை அவர்களுக்கு என்பது நியாயமல்ல.

தயாரிப்பவர்தானே பொறுப்பு என்பார்கள். 2016-ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் அவர்கள்மீதும் பொறுப்பைச் சுமத்துகின்றன. ஆனால் பொறுப்பு, பங்கிட்டால் குறைகிற பண்டமல்ல. சிறு பிளாஸ்டிக் பாக்கெட்டே கட்டுப்படியாகும் ஏழைக்கு என்ன வழி என்பது நேர்மையான கேள்வி. தேர்ந்தெடுக்க வசதியுள்ளவருக்கே கடமை அதிகம். துணிப்பைக்கும் கேடுண்டு என்பதும் மெய்: பருத்திப் பையை 7,100 தடவை பயன்படுத்தினால்தான் எல்லா அளவீடுகளிலும் அது பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும் என்று டென்மார்க் அரசின் 2018 ஆய்வு கணக்கிட்டது. கடலில் சேரும் குப்பை அந்தக் கணக்கில் இல்லை. ஆனாலும் அந்த ஆய்வு சொல்லும் பாடம் பெரிது. புதிய மஞ்சப்பை வாங்குவதில் புண்ணியமில்லை. வீட்டில் இருக்கும் பழைய பையை மறக்காமல் எடுத்துச் செல்வதில்தான் இருக்கிறது.