பரீட்சைக்குப் படித்த கண்ணப்பர்

கேள்வி: என் மகன் தரம் 9இல் படிக்கிறான். விவேகானந்த சபையின் சைவ சமயப் பரீட்சைக்காக நாயன்மார் கதைகளைப் பாடமாக்குகிறான். புள்ளியும் நன்றாக எடுக்கிறான். ஆனால் வெள்ளிக்கிழமை மயூரபதி அம்மன் கோயிலுக்குக் கூப்பிட்டால் முகத்தைச் சுளிக்கிறான். ஒரு புத்தகம் மனிதனின் வாழ்க்கையையே மாற்றும் என்கிறார்களே, உண்மைதானா?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: உண்மைதான் அம்மா. உங்கள் மகனைவிட இரண்டொரு வயது மூத்த ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். மதுரையில் சிற்றப்பா வீட்டில் தங்கி, அமெரிக்க மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன். பெயர் வேங்கடராமன். விளையாட்டில் இருந்த அக்கறை பாடத்தில் இல்லை. அவன் கையில், உங்கள் மகன் படிக்கும் அதே நாயன்மார் கதைகளைச் சொல்லும் பெரியபுராணம் கிடைத்தது. அதுவரை சமய நூல் எதையும் விரும்பிப் படித்தவனல்லன். கடவுள்மேல் இப்படியும் அன்பு வைக்க முடியுமா என்று திகைத்துப்போனான்.

1896 ஜூலையில் திடீரென்று மரணபயம் வந்து, உடம்பு செத்தால் சாவது யார் என்று தனக்குள்ளேயே பார்த்த அனுபவம் அவனுக்கு ஏற்பட்டது. அதைப் புத்தகம் தந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதன்பிறகு அவன் எங்கே போய் நின்றான் என்பதைப் பாருங்கள். மாலைதோறும் மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போய், நாயன்மார் அறுபத்துமூவரின் திருவுருவங்கள் முன் நின்று, அவர்களுடைய பக்தி தனக்கும் வரவேண்டும் என்று கண்ணீர் விட்டான். முன்பு எப்போதாவது நண்பர்களோடு போய்க் கும்பிட்டுவிட்டு வந்த அதே கோயில்தான். இப்போது அங்கே அவனுக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். ஆகஸ்ட் 29ஆம் தேதி வீட்டை விட்டுப் புறப்பட்டு, செப்டெம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலை சேர்ந்தான். ரமண மகரிஷி என்று உலகம் வணங்குவது அவரைத்தான்.

பரீட்சையை நான் குறை சொல்லவில்லை. அதை நடத்துவது 1902 முதல் கொழும்பில் இயங்கிவரும் சபை. அது இல்லாதிருந்தால் இந்த ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு நாயன்மார் பெயரே தெரிந்திராது. ஆனால் பரீட்சைக்கு வேண்டியது கண்ணப்பரின் ஊர் உடுப்பூர், தந்தை நாகன், இயற்பெயர் திண்ணன் என்பவைதான். கதையின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. காளத்தியில் இறைவனின் கண்ணில் இரத்தம் வடிகிறது. திண்ணனார் தன் கண்ணைத் தோண்டி அப்புகிறார், நின்றுவிடுகிறது. உடனே மற்றக் கண்ணிலும் வடிகிறது. இருக்கிற ஒரு கண்ணையும் தோண்டிவிட்டால் எங்கே அப்புவது என்று தெரியாதே! செருப்புக் காலை இறைவனின் கண்மேல் அடையாளமாக ஊன்றிக்கொண்டு அம்பை எடுக்கிறார். சிவன் திருமேனியில் செருப்புக்கால்! ஆசாரத்தின்படி பெரும் பிழை. அதுவே அன்பின் உச்சம் என்று எப்படி ஆயிற்று? இந்த இடத்தில் ஒரு பிள்ளைக்கு எத்தனை எண்ணம் எழும்! நாமோ நேரமில்லை என்று அடுத்த நாயனாருக்கு ஓடிவிடுகிறோம்.

பரீட்சை முடியட்டும். பிறகு இரவில் ஒரு நாயனாரை நீங்கள் வாசியுங்கள், அவன் கேட்கட்டும். நாவலர் பெருமான் 1852இல் பெரியபுராணத்தை வசனமாக அச்சிட்டது நம்மைப் போன்ற வீடுகளுக்காகத்தான். வாசித்து முடித்ததும் கேள்வி கேட்காதீர்கள், புத்திமதியும் சொல்லாதீர்கள். கோயிலுக்குக் கூப்பிடுவதையும் கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்கள்.

கேள்வி: எனக்குக் கண் மங்கிவிட்டது. புத்தகம் வாசிக்க முடியவில்லை. புராணத்தை ஒலிப்பதிவில் கேட்டால் வாசித்த பலன் உண்டா?
– ஓர் அம்மம்மா, கொட்டாஞ்சேனை

பதில்: நிச்சயம் உண்டு. நம் கோயில்களில் புராணபடனம் எப்படி நடக்கிறது? ஒருவர் பாட்டை வாசிப்பார், இன்னொருவர் பயன் சொல்வார், சபை முழுவதும் இருந்து கேட்கும். யாழ்ப்பாணத்தில் கந்தபுராணம் ஊருக்குள் ஊறியது பெரும்பாலும் காதுவழியாகத்தான்; எழுத்து வாசிக்கத் தெரியாத எத்தனையோ பேர் சூரன் கதையை வரிசை பிசகாமல் சொல்வார்கள். நீங்களும் கேளுங்கள். கேட்டதை வெளிநாட்டில் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் உங்கள் பேச்சிலேயே சொல்லுங்கள். கண்ணப்பர் குருபூசை தை மாதத்து மிருகசீரிடத்தில் வருகிறது, அவரிலிருந்தே தொடங்கலாம்.