தொய்வின் நியாயம்

தொய்வு என்ற சொல்லுக்கு நம்மிடையே நல்ல பெயர் கிடையாது. வேலையில் தொய்வு என்றால் சோம்பல். ஒழுக்கத்தில் தொய்வு என்றால் கேட்கவே வேண்டாம். பெட்டிக்கடைக்காரரிலிருந்து பெரிய உத்தியோகஸ்தர் வரைக்கும், 'கொஞ்சம் இறுக்கிப் பிடித்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்பதை ஒரு சர்வரோக நிவாரணியாகவே நம்பி வருகிறார்கள். பள்ளிக்கூடம், ஆபீஸ், குடும்பம், ராஜாங்கம், எதற்கும் அதே வைத்தியந்தான். இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி என்ற யோசனை எனக்குத் தத்துவ நூல்களைப் படித்து வந்திருந்தால் கௌரவமாக இருந்திருக்கும். வந்தது என்னவோ சிம்மக்கல்லில், ஒரு மெக்கானிக் ஷெட்டில், கிரீஸ் நாற்றத்தின் நடுவே.

என் சிநேகிதர் ஒருவருக்கு அழகர்கோயில் பக்கம் மாந்தோப்பு உண்டு. வீடு சிம்மக்கல்லில், பழைய சொக்கநாதர் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு சந்தில். தோப்புக்குள்ளே கூடைகளையும் மருந்து தெளிக்கிற கருவியையும் கொண்டு போவதற்காக என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டு (பேரப்பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்பதே உள் காரணம்) சீனாவிலிருந்து இறக்குமதியான நாலு சக்கர மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். 'க்வாட் பைக்' என்று அதற்குப் பெயர். பிடிப்பது மோட்டார் சைக்கிள் கைப்பிடி, உட்காருவது குதிரைமேல் உட்காருகிற மாதிரி, கீழே நாலு தடித்த டயர்கள். இரும்புச் சட்டங்களுக்குள் அடைத்து, சக்கரம் வேறு கைப்பிடி வேறாக லாரி ஆபீசுக்கு வந்து சேர்ந்தது. அதைப் பூட்டி ஓட விடும் பொறுப்பு, சைக்கிளும் புல்லட்டும் பழுது பார்த்தே தலை நரைத்துப்போன ஒரு மேஸ்திரியிடம் போயிற்று.

எல்லாம் பூட்டியாயிற்று. சிநேகிதர் குனிந்து பார்த்தார். அவர் முகம் வாடிவிட்டது.

"என்ன மேஸ்திரி, புது வண்டி, செயின் இப்படித் தொங்குதே! நல்லா இறுக்கி வைங்க."

"இறுக்கினா பாக்க நல்லாத்தான் இருக்கும் ஐயா. நீங்க ஒரு தடவை ஏறி உக்காருங்க."

சிநேகிதர் கனத்த சரீரி. ஏறி உட்கார்ந்தார். பின்பக்கம் அமுங்கியது. தொங்கிக்கொண்டிருந்த சங்கிலி எங்கள் கண்ணெதிரே விறைத்துக்கொண்டு மேலே வந்தது.

"பாத்தீங்களா? இன்னும் கூடை ஏறணும். பள்ளத்துல விழுந்து எந்திரிக்கணும். அதுக்கெல்லாம் செயின் எங்கே போகும்?"

இதில் மாயம் ஒன்றும் இல்லை. எஞ்சின் பக்கத்துப் பல்சக்கரம் சட்டத்தோடு நிலையாக நிற்கிறது. பின் இருசோ ஸ்பிரிங்கின்மேல் மேலும் கீழும் ஆடுகிற ஒரு கையின் நுனியில் இருக்கிறது. பாரம் இல்லாதபோது அந்தக் கை கீழ்நோக்கிச் சாய்ந்து நிற்கும். பாரம் ஏற ஏற நிமிர்ந்து, பல்சக்கரமும் கையின் மூட்டும் இருசும் ஒரே கோட்டில் வரும்போது இருசுக்கும் பல்சக்கரத்துக்கும் உள்ள தூரம் மிக அதிகமாகிறது. வண்டி காலியாக நிற்கையில் நாம் காணும் தொய்வு, அந்தக் கணத்துக்காக எடுத்து வைத்திருக்கும் சேமிப்பு. அதை முன்கூட்டியே இறுக்கிச் செலவழித்துவிட்டால், பள்ளத்தில் இறங்குகிற நேரத்தில் சங்கிலி கொடுப்பதற்கு ஒன்றும் இல்லாமல் இருசையும் எஞ்சின் தண்டையும் பிடித்து இழுக்கும்.

வீணை நரம்பு உவமை எல்லோருக்கும் தெரிந்ததே. கடுந்தவத்தால் உடம்பை வருத்திக்கொண்ட சோணர் என்ற சீடரிடம், நரம்பை மிகவும் முறுக்கினாலும் நாதம் வராது, தளர விட்டாலும் வராது என்று புத்தர் எடுத்துக்காட்டியதாகப் பௌத்த நூல்கள் கூறுகின்றன. சோணர் துறவியாவதற்கு முன் வீணை வாசித்தவர். அவருக்கு அது பொருத்தமான உபதேசம். நம் சங்கிலிக்கு அது அப்படியே பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. வீணையின் சரி அதன் நாதத்திலேயே இருக்கிறது. காதைக் கொடுத்துக் கேட்டால் தெரிந்துவிடும். வீணையின்மேல் யாரும் ஏறி உட்காரப் போவதில்லை. சங்கிலியின் சரி எங்கே இருக்கிறது? ஏறப்போகிற ஆளிடத்தில் இருக்கிறது, அவன் போகப்போகிற பாதையில் இருக்கிறது. அங்கே ஷெட்டில் அந்தச் சமயத்தில் ஆளும் இல்லை, பாதையும் இல்லை. இல்லாத இரண்டையும் மனத்தில் கொண்டுவந்து நிறுத்திப் பார்க்கத் தெரிந்தவனே ஸ்பேனரைத் தொட வேண்டும். 'நடுவழி' என்று இரண்டு கோடிகளுக்கும் மத்தியில் சும்மா ஒரு புள்ளி குத்திவிட்டால் காரியம் முடியாது.

காஞ்சிபுரத்து வரதராஜப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்துக்குப் போயிருப்பவர்கள், மூலைகளில் தொங்கும் கல் சங்கிலிகளை அண்ணாந்து பார்த்து வியந்திருப்பார்கள். ஒரே கல்லில் குடைந்த வளையங்கள். பலரும் வளையத்தைத்தான் புகழ்கிறார்கள். வளையம் செதுக்குவது அவ்வளவு பெரிய காரியமா? ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் இடையே உளி புகுந்து கல்லை எடுத்துவிட்டிருக்கிறதே, அங்கேதான் ஆபத்து. ஒரு தட்டுப் பிசகினால் எல்லாம் போயிற்று. அந்த இடைவெளியைச் செதுக்காமல் விட்டிருந்தால் அது சங்கிலி மாதிரி தோன்றும் ஒரு தூணாக நின்றிருக்கும். யாளியின் வாய்க்குள் உருளுகிற கல் உருண்டையும் அப்படித்தான். கல்லில் செய்த சிங்கத்தின் பெயரைத் தாங்கிய பேட்டையில் நின்றுகொண்டு எனக்கு இதெல்லாம் ஞாபகம் வந்ததில் ஆச்சரியமில்லை.

இவ்வளவு சொன்னதும் சோம்பேறிகள் சந்தோஷப்பட்டு எழுந்து வருவார்கள். 'நாங்கள் தொய்வாக இருப்பதும் எதிர்காலப் பாரத்துக்காகத்தான்' என்று வாதாடுவார்கள். அவர்களுக்கும் மேஸ்திரியிடமே பதில் இருக்கிறது. சிநேகிதரை இறக்கிவிட்டு, அளவுகோலை வைத்துப் பார்த்தபோது, வண்டியோடு வந்த புத்தகம் சொன்னதைக் காட்டிலும் சங்கிலி அதிகமாகவே தொங்கியது. இம்மாதிரி வண்டிகளுக்குப் பெரும்பாலும் ஓர் அங்குலம், ஒன்றேகால் அங்குலம் ஆட்டம் சொல்லுவார்கள். வண்டிக்கு வண்டி மாறும். அளவு மீறித் தொங்கினால் சங்கிலி பல்லை விட்டுக் குதிக்கும். குதித்த சங்கிலி சும்மா கீழே விழுந்துவிடாது. இருசில் சுற்றிக்கொண்டு பின் சக்கரம் இரண்டையும் ஒரே நொடியில் நிறுத்திவிடும். வண்டி ஓட்டுகிறவன் கட்டுப்பாட்டில் நிற்காது. தொய்வுக்கு நியாயம் உண்டு என்றால், அந்த நியாயத்துக்கு எல்லையும் உண்டு. எவ்வளவு தொய்வு, எதற்காக என்று கேட்டால் பதில் சொல்ல முடிய வேண்டும். சோம்பேறியால் சொல்ல முடிவதில்லை.

இறுகப் பிடிக்கிறவர்களுக்கு ஏன் இவ்வளவு நல்ல பெயர் என்பதும் அங்கேதான் எனக்கு விளங்கிற்று. தொய்ந்த சங்கிலி தன் குற்றத்தை மறைக்காது. சடசடவென்று அடித்துக்கொள்ளும், கழன்று விழும். பார்க்கிறவன் எல்லாம், 'இதைப் பூட்டினவன் யார்?' என்று கேட்பான். இறுகிய சங்கிலியோ அழகாக, ஒழுங்காக, சத்தமில்லாமல் ஓடும். சேதம் வேறு இடத்தில் நடக்கும். இருசின் பேரிங் தேயும். எஞ்சினுக்குள்ளே பல்சக்கரத் தண்டைத் தாங்கும் பேரிங் தேயும். மாசக் கணக்கில் கழித்து அது உடையும்போது, 'பேரிங் மட்டமான சரக்கு' என்பார்கள். இறுக்கியவன் பெயர் யாருக்கும் நினைவு வராது. தொய்வின் பழி அன்றைக்கே வந்து நிற்கிறது. இறுக்கத்தின் பழி காலம் கடந்து, ஆள் மாறி, வேறொருவன் வீட்டு வாசலில் போய் நிற்கிறது. பிள்ளையைக் காலை நாலு மணிக்கு எழுப்பி இரவு பத்து மணி வரைக்கும் பாடத்தில் கட்டிப்போடும் தகப்பனாரை யாராவது கடிந்து பேசிக் கேட்டிருக்கிறீர்களா? இருபது வருஷம் கழித்து அந்தப் பிள்ளை யாரிடமும் ஒட்டாமல் போனால், மருமகளைச் சொல்லுவார்கள்.

சங்கிலியில் இன்னொரு விஷயமும் உண்டு. 'செயின் இழுத்துவிட்டது' என்கிறோம். உண்மையில் இரும்புத் தகடு இழுபடுவதில்லை. ஒவ்வொரு மூட்டிலும் ஓர் ஆணி ஒரு குழலுக்குள் திரும்புகிறது. அந்த இரண்டும் தேய்கின்றன. நூறு மூட்டு உள்ள சங்கிலியில் மூட்டுக்குப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தால், மொத்தத்தில் பத்து மில்லிமீட்டர் நீளம் கூடிவிடும். எந்த ஒரு மூட்டைக் கழற்றிப் பார்த்தாலும் அது குற்றமற்றதாகவே தெரியும். ஆகவே புது வண்டிக்கு முதல் சில மணி நேரம் ஓடியதுமே மறுபடி அளந்து பார்க்க வேண்டும். ஆணியும் குழலும் ஒன்றோடொன்று பழகிக்கொள்ளும் காலம் அது. 'புதுசு' என்பது நற்சாட்சிப் பத்திரம் ஆகாது. குழலைச் சுற்றி உருளை வைத்த இன்றைய சங்கிலியை மாஞ்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் என்பவர் 1880-இல் உண்டாக்கினார். 1903-இல் ரைட் சகோதரர்கள் பறந்தபோது, எஞ்சினிலிருந்து இரண்டு விசிறிகளுக்கும் சக்தியைக் கொண்டுபோனது இந்த ஜாதிச் சங்கிலிதான். அவர்களுக்கும் பல்சக்கரம் தளர்ந்து தொல்லை கொடுத்ததாம். சைக்கிள் டயர் ஒட்டும் பசையைப் போட்டு இறுக்கினார்களாம். அந்தச் சங்கிலியைச் செய்த அமெரிக்கக் கம்பெனியின் கூட்டுறவில் 1960-இல் நம் சென்னையிலேயே டி.ஐ. டயமண்ட் செயின் கம்பெனி ஏற்பட்டது. உலகத்தைச் சுற்றி வந்தாலும் எல்லோரும் மல்லுக்கட்டியது இந்த அரை அங்குல விஷயத்தோடுதான்.

மேஸ்திரி இருசுக் கூட்டின் போல்ட்டுகளைத் தளர்த்தி, இருசைப் பின்னுக்குக் கொஞ்சம் தள்ளினார். உடனே அளப்பார் என்று எதிர்பார்த்தேன். அளக்கவில்லை. வண்டியைக் கையால் கொஞ்சங் கொஞ்சமாக உருட்டி, சங்கிலியை விரலால் தூக்கித் தூக்கிப் பார்த்தார். எல்லா இடத்திலும் ஒரே மாதிரித் தொய்வு இல்லை. பல்சக்கரம் மயிரிழை கோணலாக இருந்தாலும், சங்கிலி ஓரிடத்தில் அதிகமாகத் தேய்ந்திருந்தாலும், ஒரு சுற்றில் எங்காவது ஓரிடம் மற்றதைவிட விறைப்பாக நிற்கும். அந்த இடம் வந்ததும் நிறுத்தினார். அங்கே வைத்து அளந்தார். "ரொம்ப டைட்டா நிக்கிற எடத்துக்குத்தான் அளவு. மத்த எடம் தன்னால பாத்துக்கும்" என்றார்.

சராசரி எடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தாராளமான இடத்தையும் பார்க்கவில்லை. எது மிகவும் நெருக்கடிப்படுகிறதோ அதற்கு மூச்சு விட இடம் கொடுத்துவிட்டுத்தான் மற்றதற்குக் கணக்கு. பிறர் வாழ்க்கையின் போல்ட்டுகளைத் திருகும் அதிகாரம் படைத்தவர்கள், அதாவது தகப்பனார்களும் வாத்தியார்களும் மேனேஜர்களும், அளவு எடுக்கும் இடம் எது? கூட்டத்திலே கெட்டிக்காரப் பையனையும், ஊழியர்களில் நோய் நொடியில்லாதவனையும் வைத்தே பெரும்பாலும் அளக்கிறார்கள். அவனால் முடிகிறது, உன்னால் ஏன் முடியாது?

நம் பக்கத்துத் தனியார் பஸ்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி, பர்மிட்டோடு நேரப் பட்டியலையும் நிபந்தனையாக விதிக்க இடம் உண்டு. ஒரு பஸ் கிளம்பிய சில நிமிஷங்களில் அடுத்த பஸ். இரண்டு நிமிஷத்துக்காக பஸ் நிலையத்தில் டிரைவர்கள் சட்டையைப் பிடித்துக்கொள்வதைத் தென் ஜில்லாக்களில் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. காலிச் சாலையில் அந்த நேரம் தாராளம் என்று தோன்றும். அப்போது அந்த நிமிஷங்கள், நின்று கொண்டிருக்கும் வண்டியின் தொங்குகிற செயின் போலக் கண்ணை உறுத்தும். யாராவது அதை இறுக்குகிறார்கள். வழியில் ஒரு முகூர்த்த நாள் வருகிறது, சந்தை வருகிறது, சித்திரைத் திருவிழாக் கூட்டம் வருகிறது. இல்லாத நிமிஷத்தை டிரைவர் வேறு எங்கே போய் எடுப்பார்? வளைவில் எடுக்கிறார். பள்ளிக்கூட வாசலில் எடுக்கிறார். ஆள் அடிபட்டால், 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு. அதற்கு முன்பெல்லாம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304-ஏ. பழைய பிரிவில் இரண்டு வருஷம் வரை இருந்த தண்டனையைப் புதியதில் ஐந்து வருஷம் வரை உயர்த்தியிருக்கிறார்கள். வழக்கு டிரைவர்மேல்தான். அஜாக்கிரதை அவருடையதாகவே இருக்கலாம். நான் அவருக்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் நேரத்தை இறுக்கியவரின் பெயர் எந்த எஃப்.ஐ.ஆரிலும் வந்ததாக நான் படித்ததில்லை. பேரிங்தான் மட்டமான சரக்கு.

மேலூர்ப் பக்கம் போகும் பஸ் ஒன்றில், கண்டக்டர் கையிலிருந்த நேர அட்டையை ஒரு தடவை வாங்கிப் பார்த்தேன். ஊர்களின் பெயர், வந்து சேரும் நேரம், புறப்படும் நேரம் எல்லாம் கட்டம் கட்டமாக அச்சிட்டிருந்தது. ஒரு நிறுத்தத்தில் ஒரு கிழவி தலைச்சுமைக் கூடையோடு இறங்கிக்கொண்டிருந்தாள். முதலில் கூடையைப் படியில் வைத்தாள். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைக் கீழே ஊன்றினாள். டிரைவர் ஆக்ஸிலேட்டரை உறுமவிட்டார். "ஆத்தா, சீக்கிரம் எறங்கு" என்றார் கண்டக்டர். குரலில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. நான் அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். கூடையை இறக்கிக் கொடுக்க ஒரு பையன் எழுந்து போனான்.