உருவங்களின் வழியே அருவம்: குலாம் முகம்மது ஷேக் வரைந்த கபீர்

15ஆம் நூற்றாண்டில் காசியில் நெசவுத்தொழில் செய்து வாழ்ந்த கபீர், பண்டிதரின் சிலை வழிபாட்டையும் முல்லாவின் தொழுகை அழைப்பையும் ஒருசேரக் கேள்விக்கு உட்படுத்தியவர். அவர் பாடிய இராமன் தசரதனின் மகன் அல்லன். பெயரையும் வடிவையும் கடந்த பரம்பொருளுக்கு அவர் இட்டு வழங்கிய பெயரே அது. பரம்பொருளை இவ்வாறு பண்புகளுக்கு அப்பாற்பட்டதாகக் கொள்வதை நிர்குணம் என்றும், பண்போடும் உருவத்தோடும் வழிபடுவதைச் சகுணம் என்றும் வட இந்தியப் பக்தி மரபு பிரித்துரைக்கும். அங்ஙனமாயின், உருவத்தை மறுத்துப் பாடியவரை வண்ணத்தில் வரையப் புகும் ஓவியர் அந்த மறுப்புக்குத் துணை நிற்கிறாரா, அதைக் குலைக்கிறாரா? குஜராத்திக் கவிஞரும் ஓவியருமான குலாம் முகம்மது ஷேக்கின் நெடிய கலைவாழ்வு இவ்வினாவுக்குக் கிடைத்துள்ள செறிவான விடைகளுள் ஒன்று.

1937இல் சுரேந்திரநகரில் முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்த ஷேக், பரோடாப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலத்தில் பயின்று, 1963 முதல் 1966 வரை லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் கற்றுத் திரும்பி, தாம் பயின்ற புலத்திலேயே கலை வரலாற்றையும் பின்னர் ஓவியத்தையும் கற்பித்தார். எழுத்தாளர் சுரேஷ் ஜோஷியைச் சூழ்ந்து வளர்ந்த குஜராத்தி நவீனத்துவத்தில் கவிஞராக அவர் அறியப்பட்டார். அவருடைய 'அதவா' என்னும் கவிதைத் தொகுதி 1974இல் வெளிவந்தது. இந்தியாவில் வாழ்வது என்பது பல பண்பாடுகளிலும் பல காலங்களிலும் ஒரே வேளையில் வாழ்வதே என்னும் கருத்தை அவர் 1981இல் ஒரு கட்டுரையில் முன்வைத்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் வரைந்த ஓவியங்கள் பலவற்றுக்கும் இக்கருத்தே அடித்தளம் எனலாம்.

1969க்கும் 1973க்கும் இடையில் அவர் வரைந்த, நெடுநாள் பிரிவுக்குப் பின் வீடு திரும்புவதைப் பொருளாகக் கொண்ட ஓவியம் இதற்குச் சான்று. அதன் முன்புறத்தில் அவருடைய தாயின் உருவம் நிழற்படத்துக்குரிய நேர்த்தன்மையோடு அமைந்திருக்கிறது. பின்னால் பிறந்த ஊரின் வீடுகளும் பள்ளிவாசலும் எழுகின்றன. மேலே, நபிகளின் விண்ணேற்றத்தைச் சித்தரிக்கும் பாரசீகச் சிற்றோவிய மரபிலிருந்து வந்த தேவதூதர்கள் பறக்கின்றனர். இறைத்தூதரின் உருவத்தை வரைவதைத் தவிர்க்கும் போக்கே இஸ்லாமியச் சமூகங்களில் பரவலானது. எனினும் பாரசீக அரசவை ஓவியர்கள் விண்ணேற்ற நிகழ்வை வரைந்தே வந்துள்ளனர். உருவம் குறித்த தயக்கமும் வேட்கையும் ஒரே மரபுக்குள்ளேயே அருகருகே வாழ்ந்தன என்பதை ஷேக் தம் வீட்டு வாசலிலேயே கண்டுகொள்கிறார்.

வீடு திரும்பும் அந்த ஓவியத்தில் இருந்த அமைதி பின்னர் நீடிக்கவில்லை. 1981 முதல் 1984 வரை உழைத்து அவர் தீட்டிய 'விற்பனைக்கு நகரம்' என்னும் பெரும் ஓவியத்தில், வகுப்புக் கலவரத்தால் பிளவுண்ட பரோடாவின் தெருக்களும், அதே நகரத்தில் 'சில்சிலா' திரைப்படம் ஓடும் கொட்டகையும் ஒரே பரப்பில் நெருக்கியடித்து நிற்கின்றன. மதம் மனிதர்களைப் பிரிக்கும் கருவியாகப் பயன்படுவதை இத்தனை அருகில் கண்ட ஓவியர், பிற்காலத்தில் கபீரிடம் மீண்டும் மீண்டும் சென்றதில் வியப்பில்லை. கபீர் இறந்தபோது உடலுக்கு உரிமை கோரி இரு சமயத்தாரும் மோதியதாகவும், போர்வையை விலக்கியபோது மலர்களே எஞ்சியிருந்ததாகவும் மரபுக்கதை கூறும்; அவர் இறந்த ஊரான மகரில் இன்றும் அவருக்கு ஒரு சமாதியும் ஒரு தர்காவும் அருகருகே உள்ளன.

கபீரையும் பிறரையும் வரைவதற்கு ஷேக் கையாண்ட வடிவங்களுள் காவட் முதன்மையானது. காவட் என்பது ராஜஸ்தானில் ஊர் ஊராகச் சுமந்து செல்லப்படும் மரக்கோயில். சித்தூர்கட் அருகிலுள்ள பஸ்ஸி என்னும் ஊரின் தச்சர்கள் இதைச் செய்கின்றனர். கதைசொல்லி புரவலரின் வீட்டு முற்றத்தில் அமர்ந்து, கீல்களால் பிணைக்கப்பட்ட கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, அவற்றில் தீட்டிய உருவங்களை மயிலிறகால் தொட்டுக்காட்டிப் புராணக் கதையையும் புரவலரின் குல வரலாற்றையும் பாடுவார். கடைசிக் கதவு திறக்கும்போது கருவறையில் இராமனும் சீதையும் இலக்குவனும் காட்சி தருவர். கோயிலுக்கு மக்கள் செல்லாமல், மக்களிடம் கோயில் வருகிறது. ஷேக் 2008இல் முடித்த காவட், மனிதர் உள்ளே நுழையும் அளவுக்குப் பெரியது.

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இவ்வடிவமே விடை தருகிறது. கபீர் சாடியது உருவத்தை மட்டுமன்று. கண்ட ஓர் உருவத்தோடு தேடலை முடித்துக்கொண்டு, அதைத் தன் உடைமையாக்கிப் பிறரை விலக்கும் மனநிறைவையே அவர் அதனினும் கடுமையாகச் சாடினார். நூலை மட்டும் பற்றிக்கொண்ட பண்டிதரும் காஜியும் அவர் சொல்லடிக்குத் தப்பவில்லை என்பது இதை உறுதி செய்கிறது. கருவறையை எட்டும்வரை காவட்டில் எந்த உருவமும் இறுதி உருவமாக நிலைத்துவிடுவதில்லை. ஒரு கதவு திறந்ததும் முன்னைய காட்சி ஒதுங்கி அடுத்ததற்கு வழிவிடுகிறது. ஒவ்வோர் உருவமும் தன்னைக் கடந்து செல்லுமாறு பார்ப்பவரைத் தூண்டும்போது, அருவத்தை நோக்கிய பயணத்தில் உருவம் தடையாகாமல் படியாகிறது.

எல்லாச் சமயத்தாரையும் ஒரே சட்டகத்தில் அமர்த்துவது வேற்றுமைகளை மழுங்கடிக்கும் எளிய சமரசமாகிவிடாதா என்று கேட்கலாம். இக்கேள்விக்கு ஷேக்கின் உலகப்பட வரிசை பதில் சொல்கிறது. இதற்கு மூலமான எப்ஸ்டார்ஃப் வரைபடம் 13ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் உருவானது. எருசலேமை நடுவில் வைத்து, உலகையே கிறிஸ்துவின் உடலாகக் காட்டிய அது 1943இல் ஹனோவர் நகரின் மீது நிகழ்ந்த குண்டுவீச்சில் அழிந்தது. அந்த வட்டத்தை எடுத்துக்கொண்ட ஷேக், அதில் கபீரையும் காதலால் பித்தான மஜ்னூனையும் மக்தலேனா மரியாளையும் பொன்மானைத் துரத்தும் இராமனையும் குடியேற்றினார். மரியாள் இத்தாலிய ஓவியர் ஜோத்தோவின் சாயலோடும், மஜ்னூன் சிற்றோவியத்தின் சாயலோடும் வருகின்றனர். ஒருவர் மற்றவராக மாற்றப்படுவதில்லை. அவர்களைப் பிணைப்பது கொள்கையன்று, கைக்கெட்டாத ஒன்றின் மீதுள்ள தீராத ஏக்கமே.

ஆகவே உருவமா, அருவமா என்னும் பழைய வழக்கு, ஷேக்கின் கலையில் உருவத்தை எவ்வாறு கையாள்வது என்னும் ஒழுக்கவியல் வினாவாக மாறுகிறது. அடுத்த கதவைத் திறக்க இடந்தரும் உருவம் கபீருக்குப் பகையன்று. எல்லாக் கதவுகளையும் அடைத்துக்கொண்ட அருவக் கோட்பாடோ அவருக்கு உறவும் அன்று.