விட்பியின் தலையில்லாப் பாம்புகள்

புனிதம் என்பது பொருளிலேயே உறைவதா, அதைப் புனிதமெனக் கொள்வோர் வழக்கத்தால் வந்து சேர்வதா என்னும் பழைய வினாவுக்கு, இங்கிலாந்தின் யார்க்ஷயர் கடற்கரையிலுள்ள விட்பி நகரில் இருவகைக் கற்கள் சான்றாகக் கிடக்கின்றன.

முதலாவது, துறைமுகத்திலிருந்து 199 படிகள் ஏறிச் செல்வோர் குன்றின்மேல் காணும் மடத்தின் இடிபாடு. நார்தம்பிரிய அரசன் ஓஸ்வியின் ஆதரவில் 657இல் தோன்றி, ஆணும் பெண்ணும் துறவு பூண்டிருந்த அம்மடத்தை ஹில்டா என்னும் பெண்துறவி ஆண்டார். ஈஸ்டர் திருநாளைக் கணிக்கும் முறையில் அயோனாத் தீவின் மரபினரும் ரோம மரபினரும் கொண்ட பிணக்கைத் தீர்க்க 664இல் கூடிய சமயப் பேரவையும் அங்கேதான் நிகழ்ந்தது. இன்று நிற்கும் கூர்வளைவுகளோ பல நூற்றாண்டுகள் பிந்தியவை. எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்த காலத்தில், 1539இல், இதுவும் மூடப்பட்டது. புனிதர்களின் திருப்பண்டங்களையும் திருத்தலங்களையும் வணங்குவது மூடநம்பிக்கை என்றனர் சீர்திருத்தவாதிகள் (மடங்களின் சொத்தின்மேல் அரசனுக்கு இருந்த கண் வேறு கதை). அன்று வேண்டாமென விடப்பட்ட கற்களையே அந்நாடு இன்று நுழைவுச்சீட்டு விற்றுக் காத்து வருகிறது.

இரண்டாவது, குன்றின் அடிவாரப் பாறைகளிலிருந்து உதிரும் அம்மோனைட்டுகள். அதாவது, ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த, கணவாய்க்கு உறவான உயிர்களின் சுருண்ட ஓடுகள் கல்லாய் இறுகியவை. ஹில்டா தம் தவவலிமையால் பாம்புகளைக் கல்லாக்கினார் என்று ஊரார் கதை சொன்னார்கள். ஆனால் எந்தக் கல்லிலும் தலை இல்லாததால், சுருளின் வெளிமுனையில் இரு கண்களும் ஒரு வாய்க்கீறலும் செதுக்கி விற்கும் தொழிலே அங்கு வளர்ந்தது. கல் கதைக்கு இசையாதபோது கல்லைத் திருத்திய இச்செயலை ஏமாற்று என்று மட்டும் தள்ளிவிட முடியாது; நம்பிக்கை கண்ணுக்குப் புலப்படும் சான்றை எவ்வளவு நாடுகிறது என்பதும் அதில் தெரிகிறது.

இதே வகைப் புதைபடிவம் நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும்போது சாளக்கிராமம் ஆகிறது. வைணவர் அச்சுருளைத் திருமாலின் சக்கரமாகக் காண்பதால் அதற்கு உளி தேவைப்படுவதில்லை. இறைவன் தானே உறையும் கல் என்பதால், உருவத்துள் இறையாற்றலை எழுந்தருளச் செய்யும் சடங்காகிய பிரதிஷ்டையும் வேண்டுவதில்லை. சிற்பி வடித்த திருமேனி பின்னமானால் வழிபாட்டிலிருந்து விலக்கப்படும். சாளக்கிராமமோ உடைந்தாலும் பூசைக்கு உரியதே என்பது மரபு. விட்பியின் மடம் இவற்றுள் முதல் வகையைச் சார்ந்ததாகவே தோன்றுகிறது: செபத்தால் அடைந்த புனிதத்தைச் செபம் நின்றபோதே அது இழந்தது எனலாம். ஆயினும், கூரையற்ற அந்தச் சுவர்களுக்குள் ஒருவர் தாமாகவே மண்டியிட்டுச் செபிப்பாராயின், அவர் மீட்பது கல்லின் புனிதத்தையா, ஹில்டாவின் நினைவையா என்று பிரித்துச் சொல்வது எளிதன்று.