சத்தமிடாதவன் முதலில்



2025ஆம் ஆண்டு மே மாதம் 11ந் திகதி ஞாயிற்றுக்கிழமை. பாஸ்குக் காலத்தின் நான்காம் ஞாயிறாகிய நல்லாயன் ஞாயிறு. மறுநாள் வெசாக். மலைநாட்டுக் கோவில்களில் காலைப் பூசைக்கு மணி அடிக்கும் முன்னரே, கதிர்காமத்திலிருந்து குருநாகலை நோக்கிச் சென்ற இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ் வண்டியொன்று, கொத்மலை கெரண்டியெல்லப் பகுதியில் வீதியை விட்டு விலகிப் பள்ளத்தில் உருண்டது. 20க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். 30க்கும் அதிகமானோர் காயமுற்றனர். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2023 ஜனவரி 20ந் திகதி, நானுஓயா றதல்லையில் 7 பேரைப் பறிகொடுத்த துயரமும் நமக்கு மறந்துபோகவில்லை.

அந்த நல்லாயன் ஞாயிறன்று பீடத்தில் வாசிக்கப்பட்டது அருளப்பர் நற்செய்தி. தம் ஆடுகள் தம் குரலைக் கேட்கும் என்றும், தம் கையிலிருந்து அவற்றை எவனும் பறித்துக்கொள்ள முடியாது என்றும் ஆண்டவர் உரைக்கிறார். பறிக்கவிடாத அந்தக் கை எப்படியிருக்கும்? அதை அறிய விரும்புகிறவர்கள், படுகாயப்பட்டவர்களைக் கொண்டுவந்து இறக்கும் வைத்தியசாலை வாசலுக்கு மனத்தால் என்னோடு வாருங்கள்.

ஒரே வேளையில் பத்துப் பேரை இறக்குகிறார்கள். யாரை முதலில் பார்ப்பது? கத்துகிறவனையா? நம் மனம் அவனிடந்தான் ஓடும். ஆனால் அனுபவமுள்ள தாதி வேறு விதமாய் எண்ணுகிறார். கத்துகிறவனுக்கு மூச்சு இருக்கிறது, தொண்டை திறந்திருக்கிறது. அவன் காயத்தை ஒருவர் அமுக்கிப் பிடித்துக்கொண்டால் சற்றுப் பொறுக்கலாம். மூலையில் சத்தமில்லாமல் கிடக்கிறானே, அவனிடமே குழு விரைகிறது. நாக்குப் பின்னால் விழுந்து மூச்சு அடைபட்டிருக்கலாம். வயிற்றுக்குள்ளே இரத்தம் வடிந்துகொண்டிருக்கலாம். அவனால் கூப்பிட முடியாது. காணாமற்போன ஆடும் அப்படித்தான். அது கத்தி அழைத்ததாக நற்செய்தியில் எங்கும் இல்லை. ஆயன்தான் தேடிப் போகிறான்.

அங்கே நடக்கும் வேலையில் ஓர் ஒழுங்கு உண்டு. பீறிட்டோடும் இரத்தத்தைக் கண்டால் உடனே அமுக்கிப் பிடிக்கிறார்கள். கழுத்தை அசையவிடாமல் ஒருவர் தாங்கிக்கொள்ள, மூச்சு வழியைத் திறக்கிறார்கள். பின் மூச்சு, பின் இரத்தவோட்டம், பின் அறிவு நிலை. கடைசியில் உடுப்பைக் கத்தரித்து உடல் முழுவதையும் பார்த்து, உடனே கம்பளியால் மூடுகிறார்கள். குளிர்ந்த உடம்பில் இரத்தம் எளிதில் உறையாது. நுவரெலியாக் குளிரில் இது பெரிய காரியம். முறிந்து வளைந்த கால் பார்க்கப் பயங்கரமாயிருக்கும். ஆனால் அதன் முறை பிறகுதான் வரும்.

தலைமை வைத்தியர் பெரும்பாலும் கட்டிலின் காலடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார். தாமே கை வைத்தால் முழுமையும் கண்ணுக்குத் தப்பிவிடும். அவர் சொன்னதைச் செய்தவர், “செய்தாயிற்று” என்று உரக்கச் சொல்ல வேண்டும். முதுகைப் பார்க்க நோயாளியைப் புரட்டும்போது, தலையைப் பிடித்திருப்பவர் எண்ண, மற்றவர்கள் ஒரே நேரத்தில் அசைக்கிறார்கள். திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்துவந்தார்களே, அவர்களில் ஒருவன் அவசரப்பட்டு முந்தியிருந்தால் கட்டில் கவிழ்ந்திருக்கும்! இரத்த வங்கிக்கு ஓடிப்போய் வரும் சிற்றூழியர் தாமதித்தால், சத்திரசிகிச்சை நிபுணரின் கைத்திறமையும் வீணே. தங்களுள் பெரியவன் யார் என்று சீடர்கள் தர்க்கித்ததுபோல் தர்க்கிக்க அங்கே நேரமில்லை.

இந்த ஒழுங்கு உலகெங்கும் பரவியதன் பின்னால் ஒரு குடும்பத்தின் துக்கம் இருக்கிறது. 1976 பெப்ரவரியில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், எலும்பு முறிவு வைத்திய நிபுணரான ஜேம்ஸ் ஸ்டைனர் ஓட்டிச்சென்ற சிறு விமானம் வயலில் விழுந்தது. மனைவி இறந்தார், பிள்ளைகள் படுகாயமுற்றனர். அவர்களுக்குக் கிடைத்த சிகிச்சையைப் பார்த்த அவர், ஏற்பாட்டிலேயே கோளாறு இருக்கிறதென உணர்ந்தார். ஆட்களை ஏசிக்கொண்டிருக்கவில்லை. தோழர்களோடு சேர்ந்து 1978இல் ஒரு பயிற்சியை உண்டாக்கினார். 1980இல் அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் கல்லூரி அதை ஏற்றது. தம் துயரத்தை அந்த மனிதர் பிறர் பிள்ளைகளுக்கு மருந்தாக்கினார்.

காயப்பட்டவனின் பெயரும் ஊரும் தெரியாமலே சிகிச்சை தொடங்குகிறது. நல்ல சமாரியனும் விசாரணை நடத்தவில்லை. இரத்தப் பையில் இரத்தத்தின் வகையை எழுதுவார்கள். இனத்தையும் சாதியையும் எழுதுவதில்லை. நம் நாட்டில் இரத்தம் விலைக்கு வாங்கப்படுவதில்லை, மனமுவந்து கொடுக்கப்படுகிறது. சுகதேகிகளான இளைஞர்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். “மலையேறி உழைக்கிற உடம்பு, பலம் போய்விடும்” என்று நம் தாய்மார் தடுக்கிறார்கள். தங்கள் பிள்ளைக்குத் தேவைப்படும் நாளில் அது யாருடைய மகனின் உடம்பிலிருந்து வரும் என்பதைச் சிந்திக்க வேண்டும்.

வைத்தியசாலைக்கு முன்னே நடப்பது நம் கையில் இருக்கிறது. கொழுந்து மலையில் சறுக்கி விழுந்தவரை, ஸ்டோர் இயந்திரத்தில் கை சிக்குண்டவரை நாம் என்ன செய்கிறோம்? அள்ளித் தூக்கி, முச்சக்கர வண்டியில் மடக்கி உட்காரவைத்து, தலை தொங்கத் தொங்கக் கொண்டுபோகிறோம். வாயில் சோடா ஊற்றுகிறோம். காயத்தில் கோப்பித்தூள் அப்புகிறோம். அன்பில் குறைவில்லை, ஆனால் முறிந்த கழுத்துக்கு அன்பு மட்டும் போதாது. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 1990 அம்புலன்ஸ் சேவை இன்று எல்லா மாகாணங்களுக்கும் இலவசமாய் வருகிறது. முதலில் அதை அழையுங்கள். சுத்தமான துணியால் இரத்தத்தை அமுக்கிப் பிடியுங்கள். குடிக்க ஒன்றும் கொடாமல், கம்பளி போர்த்துங்கள். வண்டி ஏறமுடியாத பாதையானால் ஒரு கதவுப் பலகையும் நிதானமுள்ள நான்கு பேரும் வேண்டும். எல்லாத் தோட்டங்களிலும் பலகை இருக்கிறது. நிதானத்தை இப்போதே பழகிக்கொள்ளலாமே.

சமாரியன் எண்ணெயும் இரசமும் வார்த்ததோடு போய்விடவில்லை என்பதையும் கவனியுங்கள். சத்திரத்துக்குக் கொண்டுபோனான், இரவு பார்த்துக்கொண்டான், பணம் கொடுத்தான், திரும்பி வருவதாகச் சொன்னான். அந்தச் சத்திரமே திருச்சபை என்று அர்ச். அகுஸ்தீனார் விளக்கினார். அப்படியானால் சத்திரக்காரர் நாம். வைத்தியசாலை தைத்துக் கட்டி அனுப்பியபின், கட்டணத்தை எழுதிவைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியவர்களும் நாமே.

ஊன்றுகோலோடு ஒருவர் லயத்துக்குத் திரும்புகிறார். முதல் வாரம் பிஸ்கற்றும் பழமும் கொண்டு கூட்டம் வரும். மூன்றாம் மாதம் யாருமில்லை. மலைக்குப் போகாதவருக்குப் பேர் விழாது. மனைவி ஓடிவந்து அவரைப் பார்த்துவிட்டுப் போவதால் அவளுக்கும் சில நாளில் அரைப்பேர்தான். கிளினிக்குக்குப் போகப் பஸ் காசு இல்லை. தம் பாரத்தைப் பிறர்மேல் போட மனமில்லாமல், அவர் நாளடைவில் யாரையும் கூப்பிடுவதில்லை. முதலில் கத்தினார், பிறகு முனகினார், இப்போது சத்தமில்லை.

உங்கள் தோட்டத்தில் அப்படி ஒருவர் இருந்தால், அவர் எந்த லயத்தில் எந்தக் காம்பறாவில் இருக்கிறார் என்று இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குக் குருவிடம் சொல்லுங்கள். அவர் கத்தோலிக்கரா என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். அடுத்த கிளினிக் நாள் எது என்பதை மட்டும் கேட்டு வாருங்கள்.