உள்ளங்கால் கூசும் இடம்

கொடைக்கானலில் கூட்டம் கூடுவதெல்லாம் பள்ளத்தாக்கின் ஓரத்தில்தான். 'கிரீன் வேலி வியூ' என்று என்ன பெயர் வைத்தாலும், வண்டி ஓட்டுபவர்களுக்கு அது இன்னும் 'சூசைட் பாயிண்ட்'. அங்கே கம்பி வேலிக்கு இப்பால் நிற்கும்போதே எனக்கு உள்ளங்கால் கூசிவிடும். "அதான் வேலி இருக்குல்ல மாப்ள!" என்பார் மச்சான். இருக்கிறது, எனக்கும் தெரியும். ஆனால் அந்தச் சேதி கால்வரை போய்ச் சேர்வதில்லை.

காலின் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆடாமல் நிற்பதாக நினைக்கும்போதும் உடல் மெல்ல ஆடிக்கொண்டேதான் இருக்கும். எதிரே உள்ள சுவரோ மரமோ கண்ணில் இம்மியளவு நகர்வதைக் கொண்டு மூளை அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்கிறது. உள்காதும் தசைகளும் உதவிக்கு வரும். மலை விளிம்பிலோ கண்ணெதிரே இருப்பதெல்லாம் எங்கோ தொலைவில். உடல் ஓர் அங்குலம் சாய்ந்தாலும் தூரத்து மலை நகர்ந்ததாகத் தெரியாது. ஆகவே ஆட்டம் நிஜமாகவே கூடுகிறது. கோழைத்தனம் என்று கேலி செய்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

இதற்குக் கைமருந்து எளியது. 1994-இல் ஜான் ஜெகா, ஜேம்ஸ் லாக்னர் இருவரும் செய்த ஆய்வில், ஒரு விரல்நுனியால் எதையாவது தொட்டாலே உடலின் ஆட்டம் நன்றாகக் குறைந்தது. தாங்கிப் பிடிக்கும் அளவுக்கு அழுத்தக்கூட வேண்டியதில்லை. 1872-இல் கோக்கர் என்ற ஆங்கிலேய அதிகாரி அமைத்த கோக்கர்ஸ் வாக்கில் கைப்பிடிக் கம்பிமேல் விரலை ஓடவிட்டபடி நடக்கும் பலரைப் பார்க்கலாம். எந்த ஆய்வையும் படித்து வந்தவர்கள் இல்லை.

விழுந்துவிடுவோமோ என்பதோடு இந்தப் பயம் முடிந்தால் பரவாயில்லை. குதித்துவிடுவோமோ என்றும் ஒரு பயம் எட்டிப்பார்க்கும். வெளியே சொல்லக் கூசும் பயம் இது. 1943-இல் வெளிவந்த 'இருத்தலும் இன்மையும்' நூலில் தத்துவவாதி சார்த்தர் இதைப் பிடித்துக்கொண்டார்: மலைப்பாதையில் என்னைத் தடுக்க என்னையன்றி யாருமில்லை, கலக்கம் அதனால்தான் என்று. படிக்கக் கம்பீரமாக இருக்கிறது. எனக்கு ஒத்துவருவது 2012-இல் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜெனிஃபர் ஹேம்ஸ் குழுவினர் சொன்ன விளக்கம். தற்கொலை எண்ணமே வந்திராத பலரும் உயரத்தில் இப்படி ஓர் உந்துதலை உணர்ந்ததாகச் சொன்னார்கள். உடல் ஆபத்தை உணர்ந்து சட்டென்று பின்வாங்குகிறது. காரணம் தேடும் மனமோ 'குதிக்கத்தான் நினைத்தேன் போல' என்று பிறகு தப்பாகக் கணக்கு எழுதிவிடுகிறது என்பது அவர்கள் கருத்து. அப்படியானால் அது பிழைத்திருக்கும் ஆசையின் வேலை. மனத்தில் ஏற்கெனவே பாரம் சுமப்பவருக்கு இந்த விளக்கத்தைச் சொல்லி அனுப்பிவிடக் கூடாது. உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேட்க வேண்டும்.

உயரத்தைக் கண்டு வரும் பயம் பிறவியிலேயே முழுசாக வந்துவிடுவதும் இல்லை. கண்ணாடித் தளத்துக்கு அடியில் பள்ளம் தெரியும்படி அமைத்து, எலினோர் கிப்சனும் ரிச்சர்ட் வாக்கும் 1960-இல் வெளியிட்ட சோதனை பெயர்பெற்றது. தவழும் குழந்தைகளில் பெரும்பாலானவை பள்ளத்தின் மேல் வர மறுத்தன. பிற்பாடு ஜோசப் கேம்போஸ் முதலானோர் நுணுகிப் பார்த்ததில், தவழத் தொடங்கிய புதிதில் அந்தத் தயக்கம் அவ்வளவாக இல்லை, தவழ்ந்து பழகப் பழகத்தான் வந்தது. பள்ளத்தின் ஆழத்தைக் குறைத்து 1985-இல் இன்னொன்றும் செய்தார்கள். எதிர்ப்பக்கம் தாய் சிரித்த முகத்தோடு நின்றபோது ஒரு வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர் கடந்து போனார்கள். தாய் பயந்த முகம் காட்டியபோது ஒருவரும் போகவில்லை.

செல்ஃபிக்காக வேலி தாண்டும் இளவட்டங்களைக்கூட, வயசுக் கோளாறு என்று திட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். ஓரத்தில் நிற்பவனின் தோளைப் பின்னாலிருந்து பிடித்து, தள்ளுவதுபோல் உலுக்கிச் சிரிக்கிறானே, அவனோடு மறுபடி மலையேற எனக்கு மனம் வராது.