கடற்கரைக் காதற்கதைகள்

காதற்கதை எழுதுவோர் ஏன் இத்தனை விருப்பத்தோடு கடற்கரையை நாடிச் செல்கின்றனர்? நிலவும் அலையும் மணலும் எழுதுவதற்கு எளியவை என்பது ஒரு விடை. வாரந்தோறும் வந்து மறையும் தொடர்கதைகள் பலவற்றுக்கு அந்த விடையே போதும், அவற்றை விட்டுவிடுவோம்.

நம் இல்லங்களில் இத்தகைய கதைகளைப் பிள்ளைகளின் கையில் கண்டால் பெரியவர்கள் முகம் சுளிப்பதுண்டு. அதற்கும் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் காதலைப் பற்றி எழுதுவதே இழுக்கு என்று ஒரேயடியாகக் கூறிவிட முடியாது. மார்க்கச் சட்ட மேதையான குர்துபா நகரத்து இமாம் இப்னு ஹஸ்ம் (ரஹ்) அவர்கள், 'தவ்குல் ஹமாமா' என்னும் நூலைக் காதலைப் பற்றியே 30 அத்தியாயங்களில் எழுதினார்கள். பிரிவுக்கென்று அதில் ஒரு தனி அத்தியாயம் உண்டு. பாவத்தின் இழிவையும் கற்பொழுக்கத்தின் மேன்மையையும் சொல்லி நூல் முடிகிறது. ஆகவே, எழுதலாமா என்பதைவிட, எழுதியவர் தம் கதையில் வரும் பெண்ணுக்கு நீதி செய்தாரா என்று கேட்பதே தக்கது.

தமிழ் இலக்கணத்தார் ஐந்து நிலங்களுக்கும் ஐந்து ஒழுக்கங்களை வகுத்தபோது, கடல் சார்ந்த நெய்தலுக்கு இரங்கலைத் தந்தனர். எத்துணைப் பொருத்தம்! நிலத்தில் போனவனுக்குப் பாதையேனும் மிஞ்சும். கடலில் போனவனின் தடம் நீரில் நிற்பதில்லை. ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பாடிய நெய்தல் நூறு முழுவதும் இந்தக் காற்றுத்தான் வீசுகிறது. நெய்தல் தலைவி கடலிடமும் பறவையிடமும் தன் துயரைச் சொல்லுகிறாள். கடல் அவளுக்குச் சாட்சி. அவள்மீது அது தீர்ப்புக் கூறுவதில்லை.

எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டில் இந்த இரங்கலுக்கு ஒரு வரலாறே உண்டு. 1613-இல் டச்சுக்காரர் அங்கே ஜெல்டிரியா கோட்டையை எழுப்பினர். அத்துறையிலிருந்து கப்பலேறிய துணியின் நினைவாக, மலாய் நாட்டில் கைலிக்கு இன்றும் 'பெலிக்காட்' என்று பெயர் வழங்குகிறது. துணி மட்டுமா ஏறியது? 17-ஆம் நூற்றாண்டில் விலைக்கு வாங்கப்பட்ட மனிதரும் அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, ஏற்றிச் செல்லப்பட்டனர். ஏற்றியவரை வணிகர் கணக்கிட்டனர். கரையில் நின்று அழுதவரைக் கணக்கிட அவர்களுக்கு என்ன தேவை? விடுபட்ட அந்தக் கணக்கை எழுதவே நல்ல கதாசிரியர் கடற்கரைக்குப் போகிறார் என்பேன். காதல் அதற்கு ஒரு வாயில்.

இதைச் சோதித்துப் பார்க்கத் தகுந்த நூல் தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'செம்மீன்'. 'தோட்டியின் மகன்', 'இரண்டிடங்கழி' என உழைப்பாளரின் துயரை எழுதிவந்தவர், 1956-இல் கடலோரக் காதலுக்கு வந்தார். மறு ஆண்டே அதற்குச் சாகித்திய அக்காதெமிப் பரிசு கிடைத்தது. தமிழில் சுந்தர ராமசாமி பெயர்த்தார். மீனவப் பெண் கறுத்தம்மா, முஸ்லிம் வியாபாரி பரீக்குட்டி ஆகிய இருவரின் நிறைவேறாத நேசமே கதை. நம் வாசகர்கள் பலரும் 1965-இல் வந்த படத்தின் வாயிலாக அறிந்திருப்பர்.

படித்தவர் நெஞ்சை உருக்கும் நூல்தான், மறுக்கவில்லை. ஆனால் கதையைத் தாங்கி நிற்கும் நம்பிக்கை என்ன? கரையில் மனைவி கற்புத் தவறினால் கடலில் கணவன் மாள்வான் என்பது. இங்கே கடல் சாட்சிக் கூண்டை விட்டிறங்கி நீதிபதியின் ஆசனத்தில் அமர்ந்துவிடுகிறது. மேலும் கவனியுங்கள்: கறுத்தம்மாவின் தந்தை செம்பன்குஞ்ஞு பரீக்குட்டியின் பொருளைக் கடனாகப் பெற்றுத் தோணி வாங்குகிறான், கடனைத் தீர்க்காமல் அவனை ஓட்டாண்டியாக்குகிறான். அந்த மோசடிக்கு இந்த நம்பிக்கையில் தண்டனை ஏதும் இல்லை. அதன் சட்டம் பெண்ணுக்கு மட்டுமே எழுதப்பட்டது. தகழி அந்தச் சட்டத்தைச் சாடவே எழுதினார் என்பாரும் உளர். எனினும், கதையின் முடிவில் பழனி சுழலில் மாள்கிற இரவும் அவ்விருவரும் சந்திக்கிற இரவும் ஒன்றே ஆகிவிடுகின்றன. நம்பிக்கையை ஆசிரியரே மெய்ப்பித்துத் தந்துவிட்டதாகத்தானே வாசகர் எண்ணுவர்?

இது வெறும் இலக்கிய வாதம் அன்று. புயலில் கணவனை இழந்தவளிடம், அவன் சாவுக்கு நீயே காரணம் என்று ஓர் ஊர் சொல்லத் துணிந்தால், அவள் எங்கே போய் முறையிடுவாள்? 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தபோது ஆழ்கடலில் நின்ற படகுகள் அதை உணரக்கூட இல்லை. கரையில் இருந்தவர்களையே அது கொண்டுபோயிற்று. நாகை, கடலூர்க் கரைகளில் ஆண்களைவிடப் பெண்களே மிகுதியாக மாண்டனர். அவர்கள் யாருடைய பிழைக்காக மாண்டனர்?

தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்து வளர்ந்த தோப்பில் முஹம்மது மீரான், 1988-இல் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யை நூலாக்கியபோது கடலைக் கடலாகவே இருக்கவிட்டார். அவ்வூரின் துன்பம் ஒரு முதலாளியின் செருக்கிலிருந்து வருகிறது, அலையிலிருந்து அன்று. அது காதற்கதை இல்லைதான். காதல் எழுதுவோர் அதனிடம் கற்க வேண்டியது இந்த ஒன்று.

பழவேற்காட்டு ஏரியின் முகத்துவாரம் இப்போது மணலால் அடைபட்டு அடைபட்டுத் திறக்கிறது. மீன்பாடு குறைந்த வீடுகளின் பிள்ளைகள் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு வேலை தேடிப் போகின்றனர். தந்தை வலையோடு திரும்பும் நேரத்தைக் காற்றைப் பார்த்துச் சொன்ன பெண், மகன் இரவு ஷிப்டு முடிந்து வரும் நேரத்தைக் கம்பெனிப் பேருந்தைப் பார்த்துச் சொல்லுகிறாள். அவனுக்குப் பேசி வைத்திருக்கும் பெண்ணும் அதே பேருந்தின் ஒலிக்குத்தான் செவி கொடுத்திருப்பாள்.